கட்டைவிரல் மை

எங்கேயாவது எதையாவது இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அங்கே மைப்பெட்டி இருக்கிறதா என்றுதான் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றும். வீட்டில் உள்ளவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. சும்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்துக் கொடுக்கிற காய்கறிக்காரியிடம், தராசை இன்னொரு தரம் தூக்கிக் காட்டச் சொல்லுகிறவள். ஆனால் மைப்பெட்டியைத் தேடுவது பிறவிக் குணம் இல்லை. அதைத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்த ஒருத்தி எனக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நாசரேத்தில் ஆசிரியைப் பயிற்சியை முடித்துவிட்டு, தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டியிருந்த ஓர் ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்திருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. தலைமை ஆசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, நாற்பது பிள்ளைகள். தலைமை ஆசிரியர் எந்த வம்புக்கும் போகாதவர். வம்பு எல்லாம் எனக்கு என்று ஒதுக்கிவிட்டிருந்தார்.

பர்மா அரிசி வருவது நின்றுபோய், ஊரில் அரிசி என்ற சொல்லையே ஆட்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன காலம் அது. காலை பதினொரு மணி தாண்டினால் வகுப்பில் பிள்ளைகள் சாய ஆரம்பிக்கும். முதலில் நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கணக்குப் பாடத்துக்குப் பயந்து மயக்கம் போடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், நானே போட்டிருக்கிறேன். ஒரு நாள் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாசித்துக்கொண்டிருந்தபடியே முன்னால் சரிந்து, சிலேட்டின் சட்டம் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அவள் கணக்குக்குப் பயப்படுகிறவள் இல்லை. இருந்த பிள்ளைகளில் வாசிப்பில் கெட்டிக்காரி அவள்தான். உப்பு மூட்டையில் இருக்கும் முத்திரை எழுத்து, தீப்பெட்டி, பஞ்சாலைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ், எதைக் கண்டாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்வாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்தபோது, ஆள் எடையே இல்லாமல் இருந்தாள். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

தலைமை ஆசிரியர் யாரையோ பார்த்துப் பேசினார். அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மத்தியானக் கஞ்சிக்கு நொய்யரிசி தருவதாக ஒப்புக்கொண்டார். நானும் நன்றி சொல்ல மண்டிக்குப் போயிருந்தேன். அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு வியாபாரி என் முன்னாலேயே கேட்டார்.

“ஏன் அண்ணாச்சி, பிள்ளையளுக்குச் சும்மா ஊத்திப் பழக்கிட்டா, நாளைக்கு அளத்துல உப்பு வார எவன் வருவான்?”

“கஞ்சிதானவே. சும்மாவா ஊத்துதேன்? புண்ணியம் வருதுல்லா” என்றார் அண்ணாச்சி.

புண்ணியமா, புழுத்த நொய்யைத் தள்ளிவிட ஓர் இடமா என்று எனக்குள் ஓடியது. முதல் மூட்டையைப் பிரித்ததும் என் சந்தேகம் பாதி சரி என்று தெரிந்துவிட்டது. வண்டு ஊர்ந்தது. புடைத்து, கழுவி, மறுபடி கழுவி, நானே அடுப்பு மூட்டிக் காய்ச்சினேன். பிள்ளைகள் பனையோலையைக் குழித்துக் கட்டிய பட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் உப்பும் ஒரு துண்டு கருப்பட்டியும் சேர்ந்த கஞ்சி. அரைமணி நேரத்தில் அவர்கள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? நான் வேதக்காரி என்பதால், கஞ்சி குடித்த பிள்ளைக்கு ஒருநாள் சத்தமில்லாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவேன் என்று ஒரு பேச்சு. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கத்தான் பையன்களைத் தேற்றுகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் குடிப்பது தெரிந்தால் ரேஷன் அட்டையில் ஓர் ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டன. கஞ்சியில் மருந்து கலக்கிறேன் என்றுகூட ஒருத்தி சொன்னாள். எல்லாருக்கும் முன்னால் முதல் அகப்பையை நான் குடித்துக் காட்டினேன்.

மண்டிப் பக்கமும் சந்தேகம் குறைவில்லை. அண்ணாச்சியின் கணக்கப்பிள்ளை ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, என் ஓலைப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். காலையில் நான் கொண்டுவந்து, நேரம் இல்லாமல் சாப்பிடாமல் விட்ட பழைய சோறு உள்ளே இருந்தது. அவர் விரலால் அதைக் கிளறிப் பார்த்தார்.

“கோவிச்சுக்கிடாதீங்கம்மா. அரிசி கண்ட இடத்துல ஆருக்கும் கை நீளத்தான் செய்யும். அண்ணாச்சி பாத்துட்டு வரச் சொன்னாவ.”

பெட்டியை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அழுதேன். கோபத்தில் வந்த அழுகை அது.

அதற்கு அடுத்த வாரம் அவர் ஒரு கட்டுத் தாளும், ஊதா மை ஊறிய ஒரு தகர மைப்பெட்டியும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கஞ்சி கொடுக்கச் சம்மதம் என்று ஒவ்வொரு தாளிலும் அச்சடித்திருந்தது. கீழே தாயோ தகப்பனோ ரேகை வைக்க இடம். பொய்ப் பிள்ளைகளைக் காட்டி நான் அரிசியைத் தின்றுவிடாமல் இருக்க அண்ணாச்சி கண்டுபிடித்த வழி அது.

“இனிமே ரேகை இருக்கிற பிள்ளைக்குத்தான் கஞ்சி. மாசம் முடிஞ்சதும் தாளையெல்லாம் நான் வாங்கிக்கிடுதேன்” என்றார் கணக்கப்பிள்ளை.

அன்று சாயங்காலம் தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பெற்றவர்களிடம் காட்டிவிட்டு, ரேகை வைக்க அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வரச் சொன்னேன். மறுநாள் நாற்பது பிள்ளைகளில் பதினைந்து பேர்தான் வந்தார்கள். கஞ்சியை விடுங்கள், பள்ளிக்கூடத்துக்கே ஆள் இல்லை. ரேகை வைக்க வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரமாக வாங்கிக் குடித்த கஞ்சிக்கு ஒரு விரலை வைக்க என்ன கேடு? அறிவில்லாத ஜனங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் பொரிந்து தள்ளினேன்.

நெற்றியில் அடிபட்ட அந்தப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது மட்டும் எழுந்து போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் ரேகை வைத்த தாள் இல்லை. இரண்டாம் நாள் மறுபடியும் மயங்கி விழுந்தாள். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவள் அம்மாவைத் தேடி உப்பளத்துக்கே போனேன்.

அவள் பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்திருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை ‘நீ’ என்றுதான் பேசினேன். வாத்திச்சி என்ற திமிர்.

“பிள்ளை இன்னைக்கும் மயங்கி விழுந்துட்டா. உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் டீச்சரம்மா. ராத்திரி எம் பங்கையும் அவளுக்குத்தான் குடுக்கேன்.”

“அப்ப ஒரு ரேகை வச்சா என்ன? கஞ்சிக்குத்தான் இந்தத் தாள். வேற ஒண்ணும் கிடையாது.”

“கஞ்சிக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாவ.” அவள் பலகையை விடவே இல்லை. “எழுத்துச் சொல்லிக் குடுங்க, கும்பிட்டுக்கிடுதேன். விரலை மட்டும் கேக்காதிய. சோறு போட்டுட்டு விரல் கேக்கிறவங்களை எனக்குத் தெரியும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை செத்தால் உன் பிடிவாதம்தான் காரணம் என்று கத்திவிட்டுத் திரும்பினேன். கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் பலகையைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, மேஜையில் உட்கார்ந்து மைப்பெட்டியைத் திறந்தேன். வகுப்புக்கு வந்துகொண்டே ரேகை இல்லாமல் பட்டினி கிடந்தவர்கள் ஆறு பேர். அந்தப் பெண்பிள்ளை முதல் ஆள். ஆறு தாள்களை எடுத்து ஆறு தாய்மாருடைய பெயரை எழுதினேன். என் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி, ஆறிலும் வைத்தேன். பசித்த பிள்ளைக்காகச் செய்கிற காரியம், இதில் பொய் என்ன, மெய் என்ன என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளையை ஏமாற்றியதில் உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது.

காலையில் அந்தப் பிள்ளையிடம், “உங்கம்மா சம்மதிச்சிட்டா. இன்னைக்கு நீயும் குடிக்கலாம்” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்கம்மையா? ரேகை வச்சாளா?”

“வச்சிட்டா” என்றேன்.

அவள் குடித்தாள். மூன்று நாள் குடித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் விழாமல், முழுப் பாடத்தையும் சத்தமாக வாசித்து முடித்தாள்.

நான்காம் நாள் கஞ்சி நேரத்தில் அவள் அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கால்வரை உப்புப் பூத்துக் கிடந்தது. முந்தின நாள் ராத்திரி தன் பங்குக் களியைப் பிள்ளையின் பக்கம் தள்ளியபோது, பிள்ளை அதைத் திரும்பத் தள்ளி, “நீ தின்னும்மா. நீதான் ரேகை வச்சிட்டியே, எனக்கு அங்கன கஞ்சி கிடைக்குது” என்று சொல்லியிருக்கிறாள்.

“டீச்சரம்மா, என் தாளை எடுங்க” என்றாள்.

எடுத்தேன். அவள் அதை என்னிடமிருந்து வாங்கவில்லை. “ஏளா, இங்கன வா. நீ வாசி” என்று மகளைக் கூப்பிட்டாள். பிள்ளை கஞ்சிப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

“கொழும்புன்னு எங்கனயாவது போட்டிருக்கா?”

“இல்லம்மா.”

“கப்பல்னு?”

“இல்ல.”

“தோட்டம்னு? நல்லாப் பாரு.”

“இல்லம்மா. கஞ்சின்னுதான் இருக்கு.”

“உங்கப்பாவுக்கும் சோறுன்னுதான் சொன்னாவ” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “கையைக் காட்டுங்க” என்றாள்.

கேட்ட மாத்திரத்தில் இடது கையை நீட்டிவிட்டேன். அதிலேயே நான் அகப்பட்டுக்கொண்டேன். எத்தனை தேய்த்தும் நகக் கண்ணில் ஊதா மை இன்னும் நின்றது. அவள் என் கட்டைவிரலைப் பிடித்துத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் பிடியில் உப்பு கரகரவென்று உரசியது.

அப்புறம் சொன்னாள். சத்தம் போடவில்லை, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

“இவ அப்போ கைப்பிள்ளை. மழை பெஞ்சு அளத்துல வேலை இல்லை. கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கொட்டகையில சும்மா சோறு போடுதாவன்னு தெருக்காரன் ஒருத்தன் இவ அப்பாவைக் கூட்டிட்டுப் போனான். பந்தியில உக்காரணும்னா ரேகை வைக்கணும்னாவளாம். எங்க வீட்டுக்காரர் வைக்க மாட்டேன்னு எந்திரிச்சிட்டாரு. பசியோட போறானேன்னு, அந்தத் தெருக்காரன் இவரு பேருக்கு அவன் விரலை வச்சான். இவரு உக்காந்து சாப்பிட்டாரு. சாப்பிட்டு எந்திரிச்சா, வெளிய விடலை. நீ முன்பணம் வாங்கிட்டே, இந்தா உன் ரேகைன்னுட்டாவ. மறுநாள் கப்பல்ல ஏத்திட்டாவ. ஒரு கடுதாசி வந்துச்சு. பொறவு ஒண்ணும் வரலை.”

என் விரல் இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது.

“அந்தத் தெருக்காரன் இப்பவும் எங்க தெருவுலதான் இருக்கான். என்னைக் கண்டா அழுவான். நல்லதுக்குத்தானே வச்சேன்பான்.” என் விரலை விட்டாள். “நீங்களும் நல்லதுக்குத்தான் வச்சிருப்பிய.”

திருடி என்று கணக்கப்பிள்ளை என் சோற்றைக் கிளறியபோது எனக்கு அவ்வளவு ரோஷம் வந்ததே, இப்போது கூசிப்போய் நின்றேன். ஒரு மணி அரிசி நான் எடுக்கவில்லை. ஆனால் அவள் இத்தனை வருஷம் பட்டினி கிடந்தாவது காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை, ஒரு சாயங்காலத்தில் எடுத்துவிட்டேன்.

பிள்ளை பட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். “கையில வாங்கினதைக் கீழ கொட்டக் கூடாது. குடிச்சு முடி” என்றாள் அம்மா. பிள்ளையால் விழுங்க முடியவில்லை, இருந்தும் குடித்து முடித்தாள். அம்மா தாளை அடுப்பில் போட்டு, அது எரிந்து முடியும்வரை பார்த்துவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய்விட்டாள்.

மீதி ஐந்து தாள்களையும் நானே அடுப்பில் போட்டேன். ரேகை வைத்த ஒன்பது பேரிடமும் அவர்கள் தாளைத் திரும்பக் கொடுத்தேன். அதே சாயங்காலம் மண்டிக்குப் போய் அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“ஆக, பொய் ரேகை வச்சிருக்கிய. நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சா?” என்றார்.

“சரிதான் அண்ணாச்சி. ஆனா இனிமே ரேகை கேட்டா ஒரு பிள்ளையும் வராது. உங்க புண்ணியமும் வராது. உங்க நொய்யில வண்டும் இருக்கு. அதையும் சொல்லிட்டுப் போறேன்.”

என்னை நம்பவில்லை என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கடைசியில், ரேகை வேண்டாம், கணக்கப்பிள்ளை தினமும் வந்து நின்று பிள்ளைகளைத் தலையெண்ணிப் பார்க்கட்டும் என்றார். எனக்கு அது போதும் என்றேன்.

உப்பளத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை ‘நீங்க’ என்றுதான் வாயில் வந்தது. மைப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துப் பிள்ளை வந்தாள். மத்தியானம் அம்மாவும் வந்தாள்.

“கையைக் காட்டுங்க” என்றாள்.

இரண்டு கையையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிள்ளை குடித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அளத்தில் மத்தியானம் விடுகிற கொஞ்ச நேரத்தில் வெயிலில் நடந்து வருவாள், என் கையைப் பார்ப்பாள், போய்விடுவாள். கணக்கப்பிள்ளை மரத்தடியில் நின்று என்னைப் பார்ப்பார். அவள் என்னையும் கணக்கப்பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பாள். நான் நொய்யில் வண்டைப் பார்ப்பேன். பிள்ளைகள் பாட்டுக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும். மற்றத் தாய்மாரும் இதைக் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவள் பார்த்துக்கொள்வாள் என்ற தைரியம், என்னை நம்பி இல்லை.

ஒருநாள் காலையில் பரீட்சைத் தாள் திருத்தியதில் என் விரலில் சிவப்பு மை பட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். இது திருத்துகிற மை, வேறு மை என்று எவ்வளவோ சொன்னேன், தாள்களை எடுத்துக் காட்டினேன். அன்று பிள்ளைக்குக் கஞ்சி இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அகப்பையைத் தரையில் போட்டேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தபோது, கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு மத்தியானத்துக்கு முன்னால் நான் மையைத் தொட்டதே இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்குச் சாத்தான்குளத்துக்கு மாற்றலாயிற்று. என் இடத்துக்கு வந்த புது டீச்சர் என்னைப் போலவே சின்னப் பெண், பட்டுப்போல மடித்த சேலை, கையில் புதுப் பேனா. கடைசி நாள் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கஞ்சி ஊற்றினேன். உப்புக் காலோடு பிள்ளையின் அம்மா வந்தாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை. அவள் பார்வை புது டீச்சர் மேல் இருந்தது.

“கையைக் காட்டுங்க” என்றாள் அவளிடம்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. இவள் யார் என்னைக் கேட்க என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பிள்ளை பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் காத்திருந்தாள்.

“காட்டும்மா” என்றேன். “ரெண்டு கையையும்.”